வேர்ல்பூல்: ஒரு பெயருக்காக நடந்த சண்டை

சென்னையிலிருந்து அம்பத்தூர் போகும் வழியில் உள்ள பாடி, டி.வி.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற இடம். அங்கே ஆலை அமைத்த சுந்தரம் கிளேட்டன் கம்பெனி 1962ல் தொடங்கப்பட்டது. வண்டிகளுக்கு பிரேக் செய்வதுதான் அப்போது அதன் தொழிலாக இருந்தது. பெயரின் முதல் பாதி நம்மூர். மறுபாதி இங்கிலாந்தின் கிளேட்டன் டிவாண்டர் கம்பெனியிடமிருந்து வந்தது. கூட்டாளி சம்மதித்துக் கொடுத்த பெயர் என்பதால் அதில் சண்டை இல்லை. ஆனால் இதே கம்பெனி 1987ல் கைகோத்த இன்னொரு வெளிநாட்டுப் பெயர் உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தப் பெயர் வேர்ல்பூல்.

வேர்ல்பூல் அமெரிக்கக் கம்பெனி. 1937 முதல் இந்தப் பெயரைப் பயன்படுத்தி வருகிறது. 1956-57ல் இந்தியாவிலும் தன் டிரேட்மார்க்கைப் பதிவு செய்தது. ஆனால் அன்றைய இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் அதன் வாஷிங் மெஷின்கள் நம் கடைகளுக்கு வரவே இல்லை. டெல்லியில் அமெரிக்கத் தூதரகம் போன்ற சில இடங்களுக்கு மட்டும் வந்தன. 1977ல் பதிவு புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது.

அங்கேதான் வந்தது வினை. 1986ல் சினார் அறக்கட்டளை என்ற இந்திய அமைப்பு அதே பெயரை வாஷிங் மெஷின் வகைக்குப் பதிவு செய்ய விண்ணப்பித்தது. அடுத்த வருடம் அமெரிக்கக் கம்பெனி சுந்தரம் கிளேட்டனோடு சேர்ந்து டி.வி.எஸ். வேர்ல்பூல் என்ற கூட்டு நிறுவனத்துக்கு ஏற்பாடு செய்தது. பாண்டிச்சேரியில் தொழிற்சாலையும் வந்தது. இப்போது ஒரே பெயருக்கு இரண்டு பேர்!

அமெரிக்கக் கம்பெனி ஆட்சேபம் தெரிவித்தது. "இந்தியாவில் நீங்கள் இந்தப் பெயரைப் பயன்படுத்தவில்லை, இங்கே உங்களுக்குப் பெயரும் இல்லை" என்கிற ரீதியில் 1992ல் அது தள்ளுபடி ஆனது. பதிவுச் சான்றிதழ் எதிர்த்தரப்பின் கைக்குப் போனது. சட்டப் புத்தகத்தை மேலோட்டமாகப் பார்த்தால் கதை இதோடு முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. 1994ல் எதிர்த்தரப்பின் மெஷின்கள் வேர்ல்பூல் என்ற பெயரில் விளம்பரத்துக்கு வந்ததும் வழக்கு டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. பதிவு செய்தவருக்கே தடை விதிக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்றது நீதிமன்றம். 1958ஆம் வருடத்துச் சட்டம் பதிவுக்கு உரிமை கொடுத்தாலும், அடுத்தவர் பொருள்போலத் தன் பொருளை விற்பதை அனுமதிக்கவில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்கள் மூலம் அந்தப் பெயர் எல்லை தாண்டி இங்கேயும் அறிமுகமாகியிருந்தது. சரி, எதிர்த்தரப்பு இந்தப் பெயரை ஏன் தேர்ந்தெடுத்தது? நம்பும்படியான விளக்கம் கிடைக்கவில்லை. 1996 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த இடைக்காலத் தடையை உறுதி செய்தது. மெஷினில் ஒட்டியிருக்கும் சிறிய உலோகப் பட்டையை எடுத்துவிட்டு வேறு பெயரில் விற்கலாமே என்பதும் கவனிக்கப்பட்டது.

அப்படியானால் வெளிநாட்டில் பிரபலமாக இருந்தால் போதுமா? போதாது. டொயோட்டாவின் கதை இதற்கு நேர் எதிர். 1997ல் ஜப்பானில் பிரியஸ் காரை அறிமுகப்படுத்திய டொயோட்டா, இங்கே அதே பெயரில் கார் உதிரி பாகங்கள் விற்ற இந்தியக் கம்பெனியின் மீது வழக்குப் போட்டது. அந்தக் கம்பெனி 2001 முதல் அந்தப் பெயரைப் பயன்படுத்தி வந்தது. அந்தச் சமயத்தில் இந்திய மக்களிடம் பிரியஸ் போதுமான அளவு அறிமுகமாகி இருந்ததா? அதை நிரூபிக்க முடியாமல் 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தில் டொயோட்டா தோற்றது. உலகப் புகழ் வேறு, உள்ளூர்ப் புகழ் வேறு.

இரண்டு வழக்கையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரியும். டிரேட்மார்க்குக்கு நாட்டு எல்லை உண்டு. ஒவ்வொரு நாட்டிலும் தனியாகப் பதிய வேண்டும், புதுப்பிக்க வேண்டும், பயன்படுத்தவும் வேண்டும். வேர்ல்பூல் தப்பித்தது உண்மைதான். ஆனால் ஒரு புதுப்பித்தலை விட்டதற்கு விலையாகப் பல வருடம் கோர்ட் ஏற வேண்டியிருந்தது. பெரிய கம்பெனிக்கு அது செலவுக் கணக்கு. சிறிய கம்பெனிக்கு அதுவே முடிவு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பம்போ வால்வோ செய்து ஏற்றுமதி செய்பவருக்கும் இதே விதிதான். கிண்டியில் உள்ள அலுவலகம் தரும் இந்தியப் பதிவு துறைமுகத்தைத் தாண்டாது. சீனா போன்ற நாடுகளில் முதலில் விண்ணப்பித்தவருக்கே பொதுவாக முன்னுரிமை. இந்தியா 2013 ஜூலை 8 முதல் மாட்ரிட் ஒப்பந்தத்தில் இருப்பதால், இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளைக் குறிப்பிட்டுப் பாதுகாப்புக் கேட்கலாம். இந்தியாவில் பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

சரக்கைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன் பெயரை ஏற்றிவிடுவது நல்லது. சரக்கு தொலைந்தால் மறுபடி செய்துவிடலாம். பெயர் அடுத்தவர் கைக்குப் போனால், அதைத் திரும்ப வாங்கக் கோர்ட் படிதான் ஏற வேண்டும்.