உத்திரமேரூர்ச் சபா மண்டபம்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூரில், இன்று வைகுண்டப் பெருமாள் கோயில் என வழங்கும் தொன்மையான மண்டபம் உள்ளது. இதன் கருங்கற் சுவர்களில் முதற் பராந்தக சோழனது 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919-லும் 921-லும், ஊர் மகாசபை தன் தேர்தல் விதிகளைப் பொறித்து வைத்தது.

எட்டாம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், வேதம் வல்ல அந்தணர்க்குப் பிரமதேயமாக அமைந்த குடியிருப்பென்று கருதப்படும் இவ்வூர், உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் எனவும், பின்னாளில் இராசேந்திர சோழச் சதுர்வேதிமங்கலம் எனவும் வழங்கலாயிற்று.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, வகுக்கப்பட்டிருந்தது. வாரியம் எனும் ஊர்க் குழுக்களுக்குத் தகுதியுடையார் பெயரை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடும்புவாரியாகக் கட்டிக் குடத்திலிடுவர். மகாசபை இளையோரும் முதியோருமாக நிறைந்திருக்க, அங்குள்ள நம்பிமாருள், அதாவது கோயிற் பூசகருள், மூத்தவர் எழுந்து அக்குடத்தை யாவரும் காணும்படி உயர்த்துவார். வேறுபாடு அறியாத ஒரு பாலன் அதிலிருந்து ஒரு கட்டை எடுக்க, அதனை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலுக்கியபின், அவனே ஓர் ஓலையை எடுத்து நடுவனாகிய மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையிலே ஏற்று வாசிப்பான். பின்னர் நம்பிமார் அனைவரும் அதனையே வாசிப்பர். விரல் மடங்கினால் ஓலை மாறக்கூடும் என்ற ஐயத்துக்கும் இடம் வையாத இவ்விழிப்பை, இக்கல்வெட்டின் மிகச் சிறந்த வரியென்றே கொள்ளலாம்.

இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேலுடையவராய், சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராய், வேதக் கல்வியுடையவராய் இருத்தல் தகுதி. வயது வரம்பு 919-ஆம் ஆண்டு விதியில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குட்பட்டிருந்து, இரண்டே ஆண்டில் முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குட்பட்டதாகத் திருத்தப்பட்டது. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியஞ் செய்தவர் மீண்டும் வர இயலாது. வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மட்டுமன்றி, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். பொதுப்பணத்தில் கை வைத்தவனது இல்லமே அவனுக்குக் காவலாக வேண்டுமென்று கருதிய இவ்விதி கடுமையானது, ஆயினும் நியாயமானது.

இதனைத் தற்காலக் குடியாட்சியோடு ஒன்றெனக் கூறுவது பொருந்தாது. இது நிலமுடைய அந்தணரின் சபை. பெண்டிருக்கும் ஏனைய குடிகளுக்கும் இதில் இடமில்லை. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் முதலான வரலாற்றறிஞர் இதனை விரிவாக ஆராய்ந்தது, இக்குறையையும் மீறி, கிராமம் ஒன்று தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொண்ட முறை இதில் இத்துணைத் தெளிவாக விளங்குவதனாலேயே ஆகும்.

தேர்ந்தெடுக்கப்பட்டவர் 360 நாட்கள் பணி செய்தனர். கல்வியாலும் வயதாலும் மூத்தவரும், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவருமான பன்னிருவர் சம்வத்சர வாரியம் எனும் ஆண்டு வாரியமாவர். தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பஞ்சவார வாரியமும், பொன்னின் மாற்றை ஆராயும் பொன் வாரியமும் தனித்தனியே இருந்தன. ஏரி வாரியத்தார் பேணிய வைரமேகத் தடாகம், பல்லவர் காலத்தில் வெட்டப்பெற்றது, இன்றும் உத்திரமேரூர் ஏரியாக நீர் தேக்கி வருகிறது.