பிரின்ஸ்டனில் படித்தவர் எழுதிய நபி வரலாறு

நியூ ஜெர்சியில் எடிசன், பிளெயின்ஸ்பரோ பக்கம் குடியிருக்கும் நம்மவர்கள், ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் பிரின்ஸ்டனைச் சுற்றிக்காட்டாமல் விடுவதில்லை. அங்குள்ள இறையியல் கல்லூரியில் 200 ஆண்டுகளுக்கு முன் படித்த ஒருவர்தான், நபிகள் நாயகத்தின் வரலாற்றை அமெரிக்காவில் முதன்முதலில் நூலாக எழுதினார். பெயர் ஜார்ஜ் புஷ்.

1796இல் வெர்மான்ட்டில் பிறந்தவர். போதகராகி இந்தியானாவில் ஊழியம் செய்துவிட்டு நியூயார்க் வந்தார். ஹார்ப்பர் பதிப்பகத்தார் குடும்ப வாசிப்புக்கென்று ஒரு நூல் வரிசையை அப்போதுதான் தொடங்கியிருந்தார்கள். 1830இல் அதில் வெளிவந்தது புஷ்ஷின் ‘முகம்மதுவின் வாழ்க்கை’.

ஐரோப்பியர் எழுதி வைத்ததைத் தொகுத்தே நூலை எழுதினார். நபியை வஞ்சகர் என்று அவர்கள் கட்டிய முடிவையும் அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் ஒரு முள் உறுத்தியது. வஞ்சகரின் சொல் இத்தனை தேசங்களில் எப்படி வேரூன்றியது? வாளைக் காட்டி மட்டும் அதற்குப் பதில் சொல்லிவிட முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பைபிளில் தானியேலையும் வெளிப்படுத்தின விசேஷத்தையும் புரட்டினார். வழிதவறிய கிறிஸ்தவ சபையைத் தண்டிக்கக் கடவுளே இந்தப் பரவலை அனுமதித்தார் என்று தீர்ப்பெழுதினார். எதிராளியின் வெற்றியையும் தன் வேதக் கணக்கிலேயே வரவு வைக்கும் சாமர்த்தியம்!

புஷ்ஷின் நூலுக்கு நூறாண்டுக்கும் மேல் முன்பே, நபியின் வரலாற்றைப் பாடும் ‘சீறாப்புராணம்’ தமிழில் பிறந்துவிட்டது. வள்ளல் சீதக்காதி கேட்க, மார்க்க அறிஞர் சதக்கத்துல்லா அப்பாவின் தொடர்பில் உமறுப்புலவர் பாடிய 5,000க்கும் மேற்பட்ட விருத்தங்கள். அந்தக் காப்பியத்தில் அரபு நாட்டில் மழை பொழிந்து ஆறு பெருகி வயல் விளையும். புவியியல் ஆசிரியர் சிரிக்கலாம். நாட்டுப்படலம் இல்லாமல் தமிழில் காப்பியமா? புஷ் தம் சந்தேகத்தை முடித்துவைக்க எழுதினார். உமறு தம் நாயகனுக்குத் தமிழில் ஒரு நாடு கட்டினார். எனக்குப் பிந்தியதே பெரிய காரியம்.

அமெரிக்காவிலும் 1850 வாக்கில் வாஷிங்டன் இர்விங் புஷ்ஷினுடையதைவிடப் பரிவான நபி வரலாறு ஒன்றைத் தந்தார். புஷ்ஷோ நியூயார்க் பல்கலைக்கழகத்தில் எபிரேயப் பேராசிரியராகி, பிறகு ஸ்வீடன்போர்க் என்பவர் வழிவந்த கிறிஸ்தவ நெறியில் சேர்ந்துவிட்டார். அவர் நூலை எல்லாரும் மறந்தார்கள்.

2004 வாக்கில் அது அரபு நாடுகளில் திடீரென்று சர்ச்சையானது. காரணம், அட்டையிலிருந்த பெயர். எழுதியவர் அப்போதைய அமெரிக்க அதிபர் புஷ்ஷின் தாத்தா என்று செய்தி பரவியது. தாத்தா அல்ல, தூரத்து உறவினர்தான் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை விளக்கம் வெளியிட வேண்டியதாயிற்று.