பன்றிக் கருவிழி ஒட்டு

பன்றியின் கருவிழியிலிருந்து உயிரணுக்களை நீக்கி, எஞ்சும் கொலாஜன் சட்டகத்தை மனிதக் கண்ணில் பொருத்தும் சிகிச்சை. உயிரணு இல்லாததால் உடல் அதை எதிர்ப்பது குறைவு. 1838இல் நியூயார்க்கில் மருத்துவர் ரிச்சர்ட் கிஸாம் உயிரணு நீக்காமல் பொருத்திய பன்றிக் கருவிழி சில வாரங்களில் மங்கிப்போனது. 2015இல் சீனா உயிரணு நீக்கிய ஒட்டுக்கு அனுமதி தந்தது. மருந்துக்கு அடங்காத கருவிழிப் புண்ணுக்கே அது பெரிதும் பயன்படுகிறது.

வயலும் செம்பனையும் சூழ்ந்த, மலேசியாவின் நிபோங் திபால் போன்ற ஊர்களில் நெல் தாளோ மட்டையோ கண்ணைக் கீறினால், அந்தக் கீறலில் பூஞ்சை குடியேறிப் புண்ணாகக்கூடும். அதற்கு முதல் மருந்து நாட்டாமைசின் சொட்டுதான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பங்கேற்ற 2013ஆம் ஆண்டு ஆய்விலும் அதுவே வோரிகோனசோல் என்ற மருந்தை விஞ்சியது. சொட்டுக்குப் புண் அடங்காதபோது பொருத்தும் பன்றி ஒட்டு, கருவிழியின் மேலடுக்குகளுக்கு மட்டுமே. புண் உள்ளடுக்கைத் துளைத்துவிட்டால் தானமாகக் கிடைத்த மனிதக் கருவிழிதான் தேவை. மலேசியாவில் பன்றி என்றதும் எழக்கூடிய சமயத் தயக்கத்தையும் மருத்துவர் கணக்கில் கொள்ள வேண்டும்.