பாரமில்லாத கூரை

ஓலை வீடு என்றால் ஏழை வீடு என்றுதான் எங்களுக்குப் பழக்கம். பிலிப்பைன்ஸ் வரலாறு வேற கதை சொல்லுது.

அங்கத்தைய 'பாஹாய் குபோ' தூண்களில் உயர்ந்து நிற்கும் மூங்கில் வீடு. நிப்பா ஓலைக் கூரை நல்ல சரிவு. மழை தங்காது, வெக்கை மேலே போய்விடும். ஆனால் தீக்குத் தாங்காது. 1583இல் ஆளுநரின் இறுதிச் சடங்கில் மெழுகுதிரியால் பிடித்த தீ மணிலாவையே எரித்தது. ஸ்பானியர் கல்லுக்கும் ஓட்டுக்கும் மாறினார்கள்.

1645இல் நிலம் குலுங்க, அந்தக் கல்லே ஆட்களை நசுக்கியது. பிறகு கீழே கல், மேலே மரம் என்று 'பாஹாய் நா பாத்தோ' உருவானது. 1880 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஓடும் இறங்கி, தகரம் ஏறியது.

தலைக்கு மேல பாரம் வைக்கக்கூடாது என்பது குபோ கட்டினவர்களுக்கு முதலே தெரியும். நாங்கள்தான் அதை ஏழ்மை என்று வாசிக்கிறோம்.