வாவிக்கரை ஏடுகளும் எண்ணிம நூலகமும்

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கும் எழுவான்கரையிலும், மேற்கே வயல்வெளியாக விரியும் படுவான்கரையிலும், கற்றலுக்குரிய எழுத்து நெடுங்காலம் கோயில்களும் குடும்பங்களும் பேணிய ஓலைச்சுவடிகளிலேயே தங்கியிருந்தது. கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை என்னும் காவியம் பாடப்படும் மரபு இதற்குச் சான்றாகும். ஏட்டை ஒருவர் படிக்க ஊரார் கூடியிருந்து கேட்டமையால், எழுத்தறியாதவருக்கும் அக்காவியம் உரியதாயிற்று.

கரையானும் ஈரமும் அரிப்பதற்குள் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் எழுத்தாணியால் படியெடுப்பது தலைமுறைதோறும் செய்யவேண்டிய பணியாக இருந்தது. அச்சு அப்பணியில் ஒரு பகுதியை ஏற்றுக்கொண்டது. குடிகளின் வரலாற்றையும் கோயில் உரிமைகளையும் கூறும் மட்டக்களப்பு மான்மியத்தை எவ்.எக்ஸ்.சி. நடராசா 1962இல் பதிப்பித்தார், வி.சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964இல் வெளிவந்தது. ஆயினும் மறுபதிப்புக் காணாத உள்ளூர் நூல்கள் கிடைத்தற்கரியனவாயின. 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், போரும் இடப்பெயர்வும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் வீடுகளோடு புத்தகங்களையும் அழித்தன.

தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சுச் செய்து இணையத்தில் இலவசமாக வழங்கும் மதுரைத் திட்டம் 1998இல் தொடங்கியிருந்தது. ஈழத்து எழுத்துகளுக்கென 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், நூல்களோடு இதழ்கள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் ஆகியவற்றையும் பக்கம் பக்கமாக வருடி, அதாவது ஒளிப்படிவமாக்கி, கட்டணமின்றித் திறந்து வைத்தது. அவ்வாறு ஏற்றப்பட்ட நூலொன்றைப் படுவான்கரையின் மாணவரும் புலம்பெயர்ந்த நாட்டின் ஆய்வாளரும் ஒரே வேளையில் படிக்கலாம். நூலைத் தேடி நகருக்கோ தலைநகருக்கோ செல்லவேண்டிய செலவு மாணவருக்கு நீங்குகிறது.

ஓலைச்சுவடியைப் பொறுத்தமட்டில் படிமம் மட்டும் போதாது. ஏட்டெழுத்தில் மெய்க்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. நெடிலைக் காட்டும் காலும் ரகரமும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே திரையில் தெளிவாகத் தெரியும் ஒரு சொல் ‘கொடு’வா ‘கோடு’வா என்பதை, யாப்பும் பொருளும் ஓசையும் அறிந்தவரே துணிய முடியும். இந்த அறிவு ஏட்டில் எழுதப்படவில்லை. ஏடு படிப்போரிடம் பயின்று பெறப்பட்டது.

எனவே சுவடியின் படிமத்தோடு, அதைப் பெயர்த்தெழுதிய பாடமும், கோயிலில் அது பாடப்படும் ஓசையின் ஒலிப்பதிவும் ஒருங்கே சேர்க்கப்படுதல் வேண்டும். ஏடு படிக்கத் தெரிந்த முதியோர் இருக்கும்போதே இளையோர் அவர்களருகே அமர்ந்து பயில்வதும் இதனோடு நிகழ்ந்தாலன்றி, இலவசமாகத் திறந்து கிடக்கும் சுவடியும் கற்பாருக்குத் திறவாததாகவே இருக்கும்.