தண்ணீர் பட்டதும் கல்லாகும் தூள்: மைன்கிராஃப்ட் கான்கிரீட் பிறந்த கதை

மைன்கிராஃப்ட் என்ற கணினி விளையாட்டில் 2017ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை ஒரு நல்ல வெள்ளைச் சுவர் எழுப்புவது பெரும்பாடு. பத்துக்குப் பத்து, மொத்தம் 100 பிளாக் என்று வைத்துக்கொள்வோம். கிரியேட்டிவ் முறையில் ஆடுபவருக்குப் பொருள் சேர்க்கும் கவலை கிடையாது. சர்வைவல் முறையில் வெட்டியும் தோண்டியும் சேர்த்துக் கட்டுபவருக்கோ பெரும்பாலும் மூன்று வழிகள்தான் இருந்தன.

முதல் வழி கம்பளி. ஆட்டைப் பிடித்து ரோமத்தைக் கத்தரித்தால் போதும், வெள்ளை வெளேரென்று கிடைக்கும். ஆனால் அது எரியும். வீட்டுக்குள் கணப்பு மூட்டினாலும், அருகில் எரிமலைக் குழம்பு ஓடினாலும், மின்னல் இறங்கினாலும் சுவர் போய்விடும். கிட்டே நின்று பார்த்தால் நெய்த இழையும் தெரியும்.

இரண்டாவது, சாயமேற்றிய சுட்ட களிமண். 2013 ஜூலையில் 1.6 பதிப்போடு வந்தது. எரியாது, கெட்டியானது, 16 நிறங்களில் கிடைக்கும். ஆனால் எந்த நிறத்தைப் பூசினாலும் களிமண்ணின் செம்மை அடியிலிருந்து எட்டிப் பார்க்கும். நீலம் என்று எடுத்தால் சாம்பல் பாய்ந்த ஊதாவாக இருக்கும். வெள்ளை என்று எடுத்தால் இளஞ்சிவப்பு கலந்த மங்கல் நிறம். பாலைவனக் கோட்டைக்கும் பழைய நகரத் தெருவுக்கும் அதைவிடப் பொருத்தமான பொருள் இல்லை என்பது என் கருத்து. கண்ணாடியும் நேர்கோடுகளுமாக எழும் புதுக்காலக் கட்டடத்துக்கு அது ஒத்துவராது.

மூன்றாவது குவார்ட்ஸ். பார்க்க அழகு. ஆனால் அதற்கு நெருப்பும் பேய்களும் நிறைந்த நெதர் உலகத்துக்குள் போக வேண்டும். நான்கு துண்டு சேர்ந்தால்தான் ஒரு பிளாக் ஆகும் என்பதால் நம்முடைய 100 பிளாக் சுவருக்கு 400 துண்டு தேவை. ஒரு சுவருக்கே இப்படியென்றால் வீட்டுக்கு?

இந்த மூன்று குறைகளும் சேர்ந்த இடத்தில்தான் புதுக் கட்டுமானப் பொருளுக்கான தேவை பிறந்தது. தெளிவான, பளிச்சென்ற, எரியாத, சமதளமாகத் தெரியும் ஒரு நிறம் வேண்டும்.

இந்த விளையாட்டு தொடங்கியது வெறும் புல்லும் கல்லுமாகத்தான். ஸ்வீடனைச் சேர்ந்த மார்க்குஸ் பெர்சன், ஸாக்கரி பார்த் உருவாக்கிய இன்ஃபினிமைனர் என்ற விளையாட்டைப் பார்த்துத் தூண்டுதல் பெற்று, 2009 மே மாதத்தில் தன் முதல் வடிவத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் 16 நிறத் துணிப் பிளாக்குகள் வந்தன. அப்போது எல்லாமே இலவசம். வேண்டியதை எடுத்து வைக்கலாம். 2010 தொடக்கத்தில், பொருள்களைச் சேர்த்துப் புதியது செய்யும் கிராஃப்டிங் வந்த பிறகு நிலைமை அடியோடு மாறியது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஊற்றிடம், ஒரு செய்முறை, அதை வெட்ட ஒரு கருவி என்று ஒரு வாழ்க்கை வரலாறே தேவைப்பட்டது. 2011 ஜனவரியில் சாயங்கள் வந்தபோது நிறத்துக்கும் உழைப்பு தேவை என்றாயிற்று. அந்நாளில் வெள்ளைக்கு எலும்புப் பொடி, கறுப்புக்குக் கணவாய் மீனின் மை, பழுப்புக்குக் கொக்கோ, நீலத்துக்கு லாபிஸ் கல்.

விளையாட்டில் புதுப் பொருள் சேர்க்கச் சொல்லிக் கேட்பவர்களில் பலர் தடுக்கி விழும் இடமும் இதுதான். ‘வெள்ளைக் கல் வேண்டும்’ என்பது ஆசை மட்டுமே. அது எங்கே கிடைக்கும், எதோடு எதைச் சேர்த்தால் வரும், எரியுமா, தாங்கல் இல்லாவிட்டால் கீழே விழுமா, வெடித்தால் நிற்குமா, அதைச் செய்யும் வேலையில் ஆடுபவருக்கு என்ன சுவை இருக்கிறது என்றெல்லாம் சொல்லும்போதுதான் அது ஒரு யோசனையாகிறது. விளையாட்டோடு இணைக்கும் கூடுதல் நிரலான மோட் எழுதுபவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். இண்டஸ்ட்ரியல்கிராஃப்ட் என்ற பழைய மோடில் கட்டுமான நுரை என்று ஒன்று உண்டு. சாரத்தின் மேல் பீய்ச்சினால் சிறிது நேரத்தில் இறுகிச் சுவராகும். பிறகு அதற்கு வண்ணம் பூசிக்கொள்ளலாம். இறுகுவது என்ற செயலே அங்கே விளையாட்டாகிவிட்டது.

மைன்கிராஃப்டின் சொந்தப் பதில் 2017 பிப்ரவரி 8 அன்று ஒரு சோதனைப் பதிப்பில் வெளிப்பட்டது. ஜூன் 7 அன்று, கணினியில் ஓடும் ஜாவா பதிப்பின் 1.12 ஆக முழுமையாக வந்து சேர்ந்தது. ‘வண்ண உலகம்’ என்று பொருள்படும் பெயர் கொண்ட அந்தப் பதிப்பைச் செய்தது, 2011 இறுதியிலிருந்து யென்ஸ் பெர்கென்ஸ்டன் தலைமையில் இயங்கிய, இந்த விளையாட்டை உருவாக்கும் மோஜாங் குழு.

செய்முறை இது: மணல் நான்கு, சரளைக்கல் நான்கு, சாயம் ஒன்று. கிராஃப்டிங் கட்டத்தின் ஒன்பது சதுரமும் நிறைந்துவிடும். எதை எந்தச் சதுரத்தில் வைக்கிறோம் என்பது முக்கியமில்லை. கிடைப்பது எட்டுத் தூள் பிளாக். எட்டுப் பங்கு மண் போட்டால் எட்டுப் பங்கு வருகிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த நேர்மை. நம்முடைய 100 பிளாக் சுவருக்கு 13 முறை செய்தால் போதும்: மணல் 52, சரளை 52, சாயம் 13. வேறு நிறச் சுவருக்காகக் கம்பளிக்கு ஒவ்வொன்றாகச் சாயம் ஏற்றினால் நூறு சாயம் வேண்டும். நெதர் பக்கம் தலைகாட்ட வேண்டிய அவசியமும் இல்லை. ஆற்றங்கரையிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் கையில் இருப்பது இன்னும் கான்கிரீட் அல்ல, தூள்தான். மணலைப் போலவே அதற்கும் அடியில் தாங்கல் வேண்டும். இல்லாவிட்டால் சரிந்து விழும். அதைத் தண்ணீர் தொட வேண்டும். தொட்ட கணத்தில் தூளின் சொரசொரப்பு மறைந்து, நிறம் அழுத்தமாகி, கெட்டிப் பிளாக்காகிவிடும். பிறகு அது விழாது, எரியாது. பிக்காக்ஸ் என்னும் கல் வெட்டும் கருவி இல்லாமல் பெயர்த்தால் ஒன்றும் மிஞ்சாது. மழை பெய்தால் இறுகாது. குடுவைத் தண்ணீரை வீசினாலும் இறுகாது. ஓடும் நீரோ தேங்கிய நீரோ பக்கத்தில் வந்து தொட்டாக வேண்டும்.

இந்த ஒரு விதியால்தான் அது மற்ற வண்ணப் பிளாக்குகளிலிருந்து வேறுபடுகிறது. விதி கடினமானதில்லை, ஆனால் கட்டுபவரை யோசிக்க வைக்கிறது. சிலர் தூளைத் தூணாக அடுக்கி, உச்சியிலிருந்து ஒரு வாளி தண்ணீரை வழியவிடுகிறார்கள். சிலர் ஆழமான நீருக்குள் மேலிருந்து தூளை விழவைக்கிறார்கள். போகும் வழியிலேயே அது இறுகிவிடும். வேறு சிலர் தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டு, ஒரு கையில் தூள், மறு கையில் பிக்காக்ஸ் என்று வைப்பதும் உடைப்பதுமாக ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டாவது கையில் பொருள் வைத்துக்கொள்ளும் வசதி 2016இல் 1.9 பதிப்பில் வந்திருக்காவிட்டால் இந்த வேகம் வாய்த்திருக்காது. இப்படித் தொழில்நுணுக்கம் தானாகக் கிளைவிடுவதுதான் ஒரு விளையாட்டுப் பொருள் நன்றாக அமைந்திருப்பதற்கு அடையாளம்.

உண்மையான கான்கிரீட்டின் இயல்பையும் அது ஓரளவு சரியாகவே பிடித்திருக்கிறது. கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். சிமெண்ட் தண்ணீரோடு வேதிவினை புரிந்துதான் இறுகுகிறது; அதனால் தண்ணீருக்கு அடியிலும் இறுகும். நம் ஊரில் தளம் போட்ட மறுநாள் மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கி வைப்பதும் இதற்காகத்தான். எரிமலைச் சாம்பலையும் சுண்ணாம்பையும் கலந்து ரோமானியர்கள் கடலுக்குள்ளேயே துறைமுகம் கட்டினார்கள். விட்ருவியஸ் அந்தக் கலவையைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்றைய போர்ட்லண்ட் சிமெண்டுக்கு லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்டின் 1824இல் காப்புரிமை பெற்றார். மைன்கிராஃப்டில் சிமெண்ட் கிடையாது. அதன் இடத்தில் சாயம் உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு சலுகையை மட்டும் எடுத்துக்கொண்டு, மணலையும் ஜல்லியையும் தண்ணீரையும் அப்படியே விட்டிருக்கிறார்கள். இந்த விளையாட்டை ஆடும் ஒரு குழந்தை பின்னாளில் கட்டட வேலை நடக்கும் இடத்தைக் கடக்கும்போது, கலவை இயந்திரத்தின் அருகே குவிந்திருப்பவற்றை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

உறுதியில் மட்டும் கதை தலைகீழ். விளையாட்டில் கான்கிரீட்டைப் பெயர்க்கச் சாதாரணக் கல்லைவிடச் சற்று அதிக நேரம் பிடிக்கும். ஆனால் வெடிப்பைத் தாங்கும் திறன் கல்லுக்கு 6, கான்கிரீட்டுக்கு 1.8தான். கிரீப்பர் என்னும் வெடிக்கும் பூதம் பக்கத்தில் வந்து வெடித்தால் கல் சுவரைவிட அதிகம் சேதமாகும். இது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். நிறமும் மலிவும் தந்த பொருளுக்குக் கோட்டைச் சுவரின் வலிமையையும் சேர்த்துத் தந்திருந்தால், வேறு எதைக் கொண்டும் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

திரைக்குப் பின்னால் இன்னொரு நெருக்கடியும் இருந்தது. அன்றைய ஜாவா பதிப்பில் ஒவ்வொரு வகைப் பிளாக்குக்கும் ஓர் எண் உண்டு: 0 முதல் 255 வரை. ஓர் எண்ணுக்குள் 16 உட்பிரிவுகளை வைக்கலாம். 16 நிறங்கள் அதில் கச்சிதமாக அடங்கியதால், கான்கிரீட் முழுவதற்கும் 251 என்ற ஒரே எண் போதுமானதாக இருந்தது, தூளுக்கு 252. அதோடு சேர்ந்து வந்த மெருகிட்ட களிமண் ஓடுதான் இடத்தை விழுங்கியது. அதன் கோலம் நான்கு திசைகளில் எப்படித் திரும்பியிருக்கிறது என்பதையும் குறித்து வைக்க வேண்டியிருந்ததால், ஒவ்வொரு நிறத்துக்கும் தனி எண் கொடுத்து 235 முதல் 250 வரை நிரப்பினார்கள். 255 முன்பே வேறொரு பிளாக்குக்குப் போய்விட்டது. ஆக, 1.12 வந்து முடிந்தபோது மிஞ்சியவை 253, 254 என்ற இரண்டே எண்கள்! புதிதாகப் பொருள் கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் இன்னும் இரண்டு மூன்று நல்ல யோசனைகளை ஏற்றிருந்தால் இடமே தீர்ந்திருக்கும். 2018 ஜூலையில் வந்த 1.13 அந்த எண் முறையையே நீக்கிவிட்டது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிப் பெயர் வந்தது, கதவு திறந்தது.

பின்னர் வந்த பொருள்களில் இரண்டை எனக்கு மிகவும் பிடிக்கும். 2021இல் வந்த செம்பு, நாள் செல்லச் செல்லக் களிம்பேறிப் பச்சையாகும். தேன்மெழுகு பூசினால் அந்த நிறத்திலேயே நிற்கும். 2022இல் வந்த சேற்றுச் செங்கல்லுக்கு மண்ணில் தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, கோதுமையைச் சேர்த்துக் கெட்டிப்படுத்த வேண்டும். இரண்டிலும் கான்கிரீட்டின் அதே குணம் தெரிகிறது: பொருளுக்கு ஒரு நடத்தை உண்டு, அதைப் புரிந்துகொண்டுதான் கட்ட முடியும்.

இத்தனைக்குப் பிறகும் கான்கிரீட்டில் படிக்கட்டும் ஸ்லாப் என்னும் அரைப் பிளாக்கும் இல்லை. கல்லில் உண்டு, மரத்தில் உண்டு, குவார்ட்ஸில் உண்டு, சேற்றுச் செங்கல்லில்கூட உண்டு. வெள்ளைக் கான்கிரீட் வீட்டுக்குக் குவார்ட்ஸ் படிக்கட்டை ஒட்டவைத்து ஓரளவு சமாளிக்கிறார்கள். மெஜெந்தாவுக்கும் இளம்பச்சைக்கும் அந்த வழியும் இல்லை. சாய்வான கூரை வேண்டுமென்றால் நிறத்தை விட வேண்டும். நிறம் வேண்டுமென்றால் கூரை தட்டையாகத்தான் இருக்கும்.

என் யோசனை எளியது. 2019இல் 1.14 பதிப்போடு வந்த கல் வெட்டும் மேசை இப்போது கல்லைப் படியாகவும் அரைப் பிளாக்காகவும் அறுத்துத் தருகிறது. இறுகிய கான்கிரீட்டையும் அதே மேசை அறுக்கட்டும். தூளுக்கு எந்த மாற்றமும் வேண்டாம். மணலும் சரளையும் சாயமும் தண்ணீரும் இப்போது இருப்பதுபோலவே இருக்கட்டும். தண்ணீர் பட்டு இறுகிய பிறகே மேசைக்குப் போக முடியும் என்பதால் அந்தப் பொருளின் இயல்பு கெடாது. 16 நிறத்துக்குப் படி 16, அரைப் பிளாக் 16, மொத்தம் 32 புதுப் பிளாக். 1.12 காலத்தில் எண் பட்டியலில் மிஞ்சியிருந்தவை இரண்டே இடங்கள், 1.13க்குப் பிறகு அந்தத் தடை இல்லை.