சேர்க்கைப் பதிவேடும் டி.சி. புத்தகமும்
உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் குறித்த ஒரு வரலாற்றுக் குறிப்பு



எம்.சி. ராஜாவின் நினைவாக நாம் கூடியிருக்கும் இந்த நந்தனம் மிகப் பழைய பெயர் அல்ல. 1952-53 தமிழ் வருடக் கணக்கில் நந்தன ஆண்டு. அப்போது முதலமைச்சராக இருந்த ராஜாஜி, அந்த ஆண்டின் பெயரையே புதிதாக எழுந்த இக்குடியிருப்புக்கு வைத்தார் என்பார்கள். அண்ணா சாலையில் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் சைதாப்பேட்டை. 1856இல் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி பின்னாளில் இடம்பெயர்ந்து நிலைத்தது அங்கேதான். கிராமங்களிலிருந்து படிக்க வரும் நம் பிள்ளைகள் தங்கும் எம்.சி. ராஜா விடுதியும் அங்கேதான். ஆசிரியரை உருவாக்கும் இடமும் நம் மாணவர் தங்கும் இடமும் இத்தனை அருகருகே இருக்கும் பகுதியில் நின்று பேசுகிறோம். எனவே இவ்வாண்டுப் பேச்சுக்குத் தலைமை ஆசிரியரைப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

ராஜாவை நாம் அரசியல்வாதியாகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1932இன் ராஜா-மூஞ்சே ஒப்பந்தம் பற்றிய விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் 1883இல் பரங்கிமலையில் பிறந்த அவர் பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். பள்ளிப் பாடநூல்கள் எழுதியவர். 1922இல் சென்னை மாகாணச் சட்டசபையில், இழிவாக வழங்கிவந்த சாதிப் பெயர்களுக்குப் பதிலாக 'ஆதி திராவிடர்' என்று அரசு ஆவணங்களில் எழுத வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சொல்லை எழுதுவது என்பது ஓர் ஆசிரியரின் கை தினமும் சந்திக்கும் கேள்வி. அந்தச் சொல்லை மாற்றச் சட்டசபையில் எழுந்து நின்றவர் ஓர் ஆசிரியர் என்பதைத் தற்செயலாக நம்மால் பார்க்க முடியவில்லை.

நல்ல தலைமை ஆசிரியரின் குணங்கள் எவை என்று கேட்டால் பட்டியல் வரும்: நேரம் தவறாமை, கண்டிப்பு, கனிவு, நிர்வாகத் திறன். இவை வேண்டாம் என்று யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் நம் வரலாறு வேறோர் அளவுகோலைத் தருகிறது. தலைமை ஆசிரியரின் மேசையில் இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று, பிள்ளையை உள்ளே எடுக்கும் சேர்க்கைப் பதிவேடு. மற்றொன்று, பிள்ளையை வெளியே அனுப்பும் டி.சி. புத்தகம். இரண்டிலும் கையெழுத்து அவருடையதே. நூற்று முப்பது ஆண்டுகளாக நம் கல்வி வரலாறு இந்த இரண்டு புத்தகங்களுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது.

முதல் புத்தகத்தில் இடம் பெறுவதே ஒரு போராட்டமாக இருந்தது. அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் 1890களில் எழுப்பிய கோரிக்கைகளில் பள்ளிக்கூடம் முன்னால் நின்றது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கம் நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். அதைத் தொடர்ந்து தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், மயிலாப்பூர் எனப் பக்கத்துப் பகுதிகளிலும் அத்தகைய பள்ளிகள் வந்தன. இந்த நந்தனத்தைச் சுற்றித்தான் அவை இருந்தன. அவற்றால் எழுத்தறிந்தவர் பலர். ஆனால் அவை ஆரம்பப் பள்ளிகள். கையெழுத்துப் போடவும் கணக்குப் பார்க்கவும் கற்றவுடன் படிப்பு நின்றுவிடும். அதற்கு மேலே உயர்நிலைப் பள்ளி. அதன் வாசலில் தலைமை ஆசிரியர். கல்லூரியோ அரசு வேலையோ, எதற்கும் அந்த வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால்தான் ஆரம்பப் பள்ளியை நமக்கு விட்டுக்கொடுத்தவர்கள்கூட உயர்நிலைப் பள்ளியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

வாசல் திறக்கவில்லை என்றால் வேறு வாசலைக் கட்டலாம் என்று காட்டியவர் சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிப் பக்கம் பிறந்த முனுசாமி, திண்டிவனத்தில் மிஷன் பள்ளியில் படித்தார். வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளிடம் சீடராகி, சகஜானந்தர் என்ற பெயர் பெற்றார். சிதம்பரத்தில் 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். கோயிலுக்குள் போக ஏங்கி நெருப்பில் இறங்க வேண்டியிருந்தவர் என்று புராணம் சொல்லும் நந்தனாரின் பெயரைப் பள்ளிக்கு வைத்தார். அதே ஊரில், அதே பெயரில், நம் பிள்ளைகள் நெருப்பில் இறங்காமல் உள்ளே போக ஓர் இடம் உண்டாயிற்று. பள்ளியோடு விடுதியும் வந்தது. பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வந்தது. சட்டமன்ற உறுப்பினராக நெடுங்காலம் இருந்த அவர் 1959இல் மறையும்வரை அந்தப் பள்ளியே அவருடைய அரசியலின் மையமாக இருந்தது. சோறும் படுக்க இடமும் இல்லாத பிள்ளைக்குச் சேர்க்கை என்பது பாதிக் கதவுதான் என்பதை அவர் அறிந்திருந்தார். விடுதியைப் பள்ளியின் பகுதியாக நினைப்பது தலைமை ஆசிரியருக்கு வேண்டிய முதல் தகுதி என்று அவர் பணியிலிருந்து நாம் கற்கிறோம்.

உள்ளே போன பிறகும் கதை முடியவில்லை. எல். இளையபெருமாள் மாணவராக இருந்த காலத்தில் பள்ளியில் நம் பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பானை தனி. அந்தப் பானையை அவர் உடைத்தார். புதுப்பானை வைக்க வைக்க உடைத்தார். விசாரணை தலைமை ஆசிரியரிடம் போனது. காரணத்தைக் கேட்டறிந்த அவர் தனிப்பானை முறையையே எடுத்துவிட்டார் என்று இளையபெருமாளின் வாழ்க்கையைச் சொல்பவர்கள் சொல்கிறார்கள். அந்தத் தலைமை ஆசிரியர் நினைத்திருந்தால் பானை உடைத்த மாணவனுக்கு டி.சி. எழுதியிருக்கலாம். ஒழுங்கு நடவடிக்கை என்று ஊரும் ஒப்புக்கொண்டிருக்கும். அவர் பானையை அனுப்பினார், பையனை வைத்துக்கொண்டார். அந்தப் பையன்தான் பின்னாளில் நாடாளுமன்றத்துக்குப் போய், தீண்டாமை குறித்து 1969இல் நாடு முழுவதுக்குமான அறிக்கை தந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். எது குற்றம், பானையா அதை உடைத்த கையா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு தலைமை ஆசிரியர் அந்த அறிக்கைக்குப் பின்னால் பெயரின்றி நிற்கிறார்.

உள்ளே இருக்கும் பிள்ளைக்கு எவ்வளவு கற்பிப்பது என்பது அடுத்த கேள்வி. நந்தனத்துக்குப் பெயர் வந்த அதே காலத்தில், 1953இல், ராஜாஜி அரசு ஊர்ப்புற ஆரம்பப் பள்ளிகளின் நேரத்தைக் குறைத்தது. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்றது. குலக்கல்வி என்று தமிழகம் அதை எதிர்த்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் கைவிடப்பட்டது. திட்டம் போயிற்று, அதன் பின்னே இருந்த எண்ணம் போகவில்லை. 'இவனுக்கு இது போதும்' என்பதே அந்த எண்ணம்.

இதே எண்ணத்தோடு மோதிய ஒரு தலைமை ஆசிரியரை அமெரிக்காவின் கறுப்பின வரலாற்றில் பார்க்கிறோம். ஆனா ஜூலியா கூப்பர் 1858இல் அடிமையாகப் பிறந்தவர். 1902இல் வாஷிங்டன் நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான எம் தெரு உயர்நிலைப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கறுப்பினப் பிள்ளைகளுக்குக் கைத்தொழில் கல்வியே பொருத்தம் என்ற குரல் ஓங்கியிருந்த காலம் அது. அவர் லத்தீனும் இலக்கியமும் கணிதமும் கற்பிக்க வேண்டும் என்றார். அவருடைய மாணவர்கள் ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்களுக்குப் போனார்கள். 1906இல் கல்வி வாரியம் அவருக்கு மறுநியமனம் தரவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்குச் சாதாரண ஆசிரியராகத் திரும்பி வந்தார். 1925இல் பாரிஸ் சோர்போனில் முனைவர் பட்டம் பெற்றார். பிள்ளைக்கு எதையும் குறைத்துக் கொடுக்க மறுத்ததற்கு அவர் கொடுத்த விலை, பதவி. தலைமை ஆசிரியரின் துணிச்சல் என்று நாம் சொல்வது இதைத்தான்.

இன்றைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டம், 2009, எட்டாம் வகுப்பை முடிக்கும்வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு எங்கே முடிகிறதோ, சரியாக அங்கேதான் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு தொடங்குகிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி என்று வாசலில் பேனர் கட்ட வேண்டும். அதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே 'தேறமாட்டான்' என்று தோன்றும் பிள்ளையின் தகப்பனைக் கூப்பிட்டு, 'வேறு பள்ளியில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஐ.டி.ஐ. பாருங்கள்' என்று பக்குவமாகச் சொல்ல வேண்டும். தகப்பன் தானாகவே டி.சி. கேட்டதாக மனு எழுதித் தருவார். எங்கள் மன்றத்துக்கு வரும் இளைஞர்களில் இப்படி வெளியேறியவர்களை நாங்கள் அறிவோம். அவர்களில் ஒருவர் சொன்னது எங்களுக்கு மறக்கவில்லை: 'என்னை யாரும் திட்டலை சார். எங்கப்பாவுக்கு நாற்காலி போட்டு உட்கார வெச்சுத்தான் பேசினாங்க.' சேர்க்கைப் பதிவேட்டில் நுழைய நம் முன்னோர் அரை நூற்றாண்டு போராடினார்கள். வெளியேறுவதற்கு ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் போதுமானதாக இருக்கிறது.

வெளியேற்றுவதற்கு டி.சி. மட்டுமே வழி என்பதும் இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்களின் துன்புறுத்தலால் பள்ளிக்குப் போவதை நிறுத்தியிருந்த தலித் மாணவர், அதை வெளியே சொன்ன பின் வீடு புகுந்து வெட்டப்பட்டார். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்குள்ள உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியராக நியமிக்கக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது என்றது. உதவித்தொகை பற்றி வகுப்பில் அறிவிக்காமல் மாணவரைத் தலைமை ஆசிரியர் தன் அறைக்கு அழைத்துச் சொல்ல வேண்டும் என்றது. 1922இல் ராஜா எந்தப் பதிவேட்டைப் பற்றிக் கவலைப்பட்டாரோ, நூறு ஆண்டு கழித்தும் நாம் அதே பதிவேட்டின் முன் நிற்கிறோம்.

இந்தப் பரிந்துரைகளை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் ஒரு கேள்வியை நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். தலைமை ஆசிரியர் எந்தச் சாதியைச் சேர்ந்தவர் என்பதோடு நம் கவனம் நின்றுவிடலாமா? நம்மவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தேர்ச்சி சதவீதம் அவரையும் நெருக்கும். மேலதிகாரி அவரிடமும் அதே எண்ணைத்தான் கேட்பார். இளையபெருமாளின் பானையை அகற்றிய தலைமை ஆசிரியரின் சாதியை நாம் தேடவில்லை. அவர் எதை வெளியே அனுப்பினார், யாரை வைத்துக்கொண்டார் என்பதையே பார்த்தோம். அந்த அளவுகோல் எல்லோருக்கும் பொது.

எனவே செயல்பாட்டாளர்களுக்கு ஒரு வேலையை முன்வைக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இடம் பெறுங்கள். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில், எத்தனை பேர் தேறினார்கள் என்பதோடு, ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள் என்று கேளுங்கள். விடுபட்டவர்களின் வீட்டுக்குப் போங்கள். மாணவ நண்பர்களே, உங்களில் பலர் நாளை சைதாப்பேட்டையில் பி.எட். முடித்து, ஒருநாள் அந்த மேசைக்குப் பின்னால் உட்காரப் போகிறவர்கள். டி.சி. புத்தகத்தில் கையெழுத்திடும்முன் ஒரு நிமிடம் நிறுத்தி, எதிரில் நிற்கும் பிள்ளை எத்தனை தலைமுறை நடந்து அந்த அறைக்கு வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு பேனாவை மூடி வையுங்கள்.